பச்சை படிந்த துணி

வெள்ளைத் துணியில் பச்சை ஏறிக்கொண்டிருக்கிறது, என் விரல் நின்றுவிட்டது, மாதாவின் கிரீடம் மடியில் கிடக்கிறது, சனிக்கிழமைதோறும் மாதாவுக்குச் சேலை மாற்றிக் கிரீடத்தைப் புளித்தண்ணீரில் துடைப்பது இருபது வருடமாய் என் வேலை, ஒரு நாளும் இப்படிக் கறை பட்டதில்லை, எங்கள் கடற்கரைப் பெண்கள் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து உருக்கிச் செய்த பொன் அது, அதற்குள் என் மகள் செசீலியின் ஒற்றைக் கம்மலும் இருக்கிறது, ஏழு வயதில் காய்ச்சலில் போனாள், ஒன்றை மாதாவுக்குக் கொடுத்து மற்றதை என் காதில் போட்டுக்கொண்டேன், கிரீடத்தைத் துடைக்கும்போதெல்லாம் அவள் தலையைத் துவட்டுவதுபோலவே இருக்கும், ஈரக்கூந்தல் வாசனைகூட வரும், இன்றைக்கு வரவில்லை.

போன மாதம்தான் மெருகு போடவென்று பங்குச்சாமி ரெமிஜியுஸ் அதைத் தன் பையில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோனார், கறை பட்டதற்கு முந்தின நாள்தான் திரும்பக் கொண்டுவந்து வைத்தார், அவரிடமே துணியைக் காட்டினேன், கடல்காற்று என்றார், ஞாயிறு பிரசங்கத்தில் என் புளிக்கை பட்டு மாதா கிரீடம் கெட்டது என்றார், கோயில் சாவியை வாங்கிக்கொண்டார், இனி மாதாவை நான் தொடக்கூடாது, மீன் விற்கிற இடத்தில் பெண்கள் என்னைக் கண்டு பேச்சை நிறுத்துகிறார்கள், சூசம்மாள் மட்டும் கூடையை இறக்கிவைத்து, எக்கா, மாதாவுக்கே பித்தளைய மாட்டுனவருக்கு ஒன்னைய மாட்டிவிட எம்புட்டு நேரமாவும் என்கிறாள், எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது, அவள்தான் வீடு வீடாய்ப் போனாள், நாற்பது பெண்கள் கைநாட்டு வைத்த கடிதம் ஆயருக்குப் போனது.

ஆயர் விசாரிக்க அனுப்பிய மூத்த குரு, நாங்கள் பெரியசாமி என்போம், பீடத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார், ஊரே தரையில், கடக்காத்துல இரும்பே கரையுது, பொன்னு பச்சை பிடிக்காதா என்று ரெமிஜியுஸ் சாமி சிரிக்கிறார், நான் எழுந்து என் காதுக் கம்மலைக் கழற்றுகிறேன், சாமி, இது அந்தக் கிரீடத்துல கெடக்குற கம்மலோட சோடி, ஒரே தட்டான் அடிச்சது, இதுவும் இந்தக் காத்துலதான், மீன்தண்ணியிலயும் வேர்வையிலயும் கெடந்துச்சு, தொடச்சுப் பாக்குறேன். புளித்துணியில் துடைத்தேன், துணி வெள்ளை. அதே துணியின் மறுமுனையால் கிரீடத்தைத் துடைத்தேன், பச்சை. டவுனுக்கு எடுத்துட்டுப் போனது யாருப்பா என்று பெரியசாமி மெதுவாய்க் கேட்டார், ரெமிஜியுஸ் சாமி மாதாவைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார், அடகுக்கடை பெயர் அவர் வாயிலிருந்தே வந்தது.

திருவிழாக் கொடி ஏறுகிறது, வெடி போடுகிறார்கள், சாவி என் இடுப்பில், அடகிலிருந்து மீண்டு வந்த கிரீடம் என் மடியில், புதுத்துணியால் துடைக்கிறேன், துடைக்கத் துடைக்க வெள்ளையாகவே இருக்கிறது, ஈரக்கூந்தல் வாசனை வருகிறது, எக்கா, மேல பாரு என்கிறாள் சூசம்மாள், கொடிக்குக் கீழே அதே கயிற்றில் அவள் கட்டிவிட்ட என் பழைய துணி, பச்சைக் கறையோடு, காற்றில் படபடத்து ஏறிக்கொண்டிருக்கிறது.