மச்சானைத் திட்டாத மூன்று வாரம்

என் மச்சான் அபாகுகியை நான் கடைசியாக வாய் நிறையத் திட்டியது புயலுக்கு முந்தின நாள். படகு எஞ்சினைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தான்.

"என்னடா, நீ எஞ்சினைத் தூக்கிட்டுப் போறியா, எஞ்சின் உன்னைத் தூக்கிட்டுப் போகுதா?" என்றேன்.

"உன் வாயைக் கழட்டிப் படகுல மாட்டினா எஞ்சினே வேண்டாம், மச்சான். சுவா வரைக்கும் நிக்காம ஓடும்."

ஊர் சிரித்தது. எங்கள் தீவில் மச்சானைத் திட்டுவது ஆசைக்காகச் செய்கிற காரியம் இல்லை, கடமை. அவன் என் அத்தை மகன், நான் அவன் மாமன் மகன். சர்ச் வாசலோ சாவு வீடோ, எதிரில் வந்துவிட்டால் விடக்கூடாது. அவன் கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்து நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் இருவரும் ஊர் மீட்புக் குழுவில் இருந்தோம். நான் பிள்ளைகளை மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். என் அப்பாவுக்குக் கால் சரியில்லை, நடக்க மாட்டார். அவரைக் கொண்டுவர அபாகுகி போனான். மாமாவை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தானாம், சர்ச் முனையில் பார்த்தவர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது முதுகில் யாரும் இல்லை.

"மாமா போயிட்டாரு" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அலையாத்தி மரங்களுக்குள் அப்பா கிடைத்தார்.

புயல் முடிந்து ஐந்து வாரம் கழித்து, தலைநகர் சுவாவிலிருந்து ரோஷ்னி என்ற பெண் வந்து மீட்புக் குழுவுக்கு நான்கு நாள் பயிற்சி கொடுத்தாள். உடைந்த மனசுக்கு எப்படி முதலுதவி செய்வது என்று. "காப்பாத்தப் போனவங்களுக்கும் அடி பட்டிருக்கும், அவங்களையும் பார்த்துக்கணும்" என்றாள். நல்ல பெண், நல்ல பாடம், குறை சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்காருங்கள், குறுக்கே பேசாதீர்கள், அவர்கள் துக்கத்தைக் கேலி செய்யாதீர்கள் என்று சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையை நான் குரங்குப் பிடியாகப் பிடித்துக்கொண்டேன்.

அபாகுகி பயிற்சிக்கு வரவில்லை. தோட்டத்தில் கிழங்கு நடுகிற வேலை என்று சொல்லி அனுப்பிவிட்டான். சரி, முதல் நோயாளி இவன்தான் என்று நானே முடிவு செய்து அவன் வீட்டுக்குப் போனேன்.

"அபாகுகி, மனசு எப்படி இருக்கு?" என்றேன், பாதிரியார் குரலில்.

அவன் என்னை யாரோ வெளியூர்க்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கேன்."

"பேசணும்னு தோணினா சொல்லு. நான் இருக்கேன்."

"சரி."

தலையாட்டிவிட்டு எழுந்து வந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று வாரம் இப்படிப் போனேன். ஒரு கேலி இல்லை, ஒரு வசவு இல்லை. போகப் போக அவன் பேச்சு குறைந்தது. பிறகு என் முகத்தைப் பார்ப்பதையும் விட்டான். மனசு அமைதியாகிறது போல என்று நான் திரும்பி வந்து பெருமையாகச் சொன்னேன். என்னைவிடப் பெரிய மடையன் இந்தத் தீவில் உண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெல்லிய குரல் எனக்கும் வசதியாக இருந்தது. திட்ட வாயைத் திறந்தால் "எங்கப்பாவை ஏண்டா விட்டே?" என்பதுதான் முதலில் வெளியே வரும். பயிற்சியைப் பானை மூடி மாதிரி அதன்மேல் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அபாகுகியின் மனைவி உனாய்சி, புயலில் கூரை போனதிலிருந்து நாங்கள் இருந்த கூடாரத்துக்கு வந்தாள். மச்சான் மனைவி எனக்குத் தங்கை முறை. எங்களில் அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, உள்ளே மீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த என் மனைவி அசெனாதாவிடம் பேசினாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட ஒண்ணு கேளுங்க. எங்க வீட்டுக்காரர் மேல அவருக்கு இன்னும் கோபம் தீரலையா?"

"கோபமா? இவருக்கா? நாள் விட்டு நாள் வந்து பார்த்துட்டுத்தானே வர்றாரு?"

"அதுதான் அண்ணி பயமா இருக்கு. ஒரு தடவைகூடத் திட்டலையாம். 'மச்சான் என்னைத் தலைமுழுகிட்டான், பொணத்துக்கு மரியாதை பண்ற மாதிரி வந்து உட்கார்ந்துட்டுப் போறான்'னு சொல்றாரு. போன வாரம் எஞ்சினை சர்ச்சுக்குக் கொடுத்துட்டாரு. இன்னைக்குக் காலையில வலையையும் யாருக்கோ தூக்கிக் கொடுத்துட்டாரு. ராத்திரி தூங்கறதே இல்ல."

பயிற்சியின் இரண்டாம் நாள் ரோஷ்னி இதைத்தான் சொன்னாள்: ஒருவன் தன் பிரியமான பொருட்களைத் தூக்கித் தூக்கிக் கொடுத்தால் கவனி, சாக நினைக்கிறாயா என்று நேராகக் கேள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது, அவனைத் தனியாக விடாதே, நர்ஸிடம் கூட்டிப் போ. அதையெல்லாம் எழுதிக்கூட வைத்திருந்தேன். எழுதி என்ன பிரயோஜனம்?

"எங்கே இருக்கான்?" என்று கத்தினேன்.

"படகுத்துறையில" என்றாள் உனாய்சி. முறையாவது மண்ணாவது, நேராக என்னிடமே சொன்னாள்.

ஓடினேன். உடைந்த துறையின் நுனியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதலில் பழைய பாதிரியார் குரலிலேயே "அபாகுகி..." என்று ஆரம்பித்தேன். அவன் தோள் இரண்டும் சுருங்கின. அதைப் பார்த்ததும் எனக்குள்ளே என்னவோ அறுந்துவிட்டது.

"டேய் பன்னி! எஞ்சினைக் கொடுத்தே, வலையைக் கொடுத்தே. ஊர்ல போறவன் வர்றவனுக்கெல்லாம் கொடுத்தே. மச்சான்னு நான் ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் இருக்கேன், எனக்கு ஒரு தூண்டில் முள்ளுகூடக் கிடையாதா?"

மெல்லத் திரும்பினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்தான்.

"சாகலாம்னு இருக்கியா? நேரா சொல்லு."

துறைப் பலகையை நகத்தால் சுரண்டினான்.

"ஆமா" என்றான்.

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

படித்த பாடம் ஒன்றுகூட நினைவில் இல்லை. நாக்கு அதன் பாட்டுக்குப் போனது. "வெள்ளிக்கிழமையா? வெள்ளிக்கிழமை என் வீட்டுக்குக் கூரை போடறோம்டா! தகரம் தூக்கப் பயந்து ஓடப் பாக்கிறியா, சோம்பேறி நாயே?"

அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான். பாதிச் சிரிப்பிலேயே உடைந்து ஓவென்று அழுதான். நானும் அழுதேன்.

"விடணும்னு விடலை மச்சான்" என்றான். "கை மரத்துப் போச்சு, தண்ணி ஏறி அவரு கனமும் தெரியலை. மாமாவைப் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்னு நினைச்சு நடந்துட்டு இருந்தேன். திரும்பிப் பார்த்தா இல்லை."

பிடித்திருப்பதாகவே நினைத்து அவன் எத்தனை அடி நடந்தானோ!

"ரெண்டு மாசமா உன் கழுத்தை நெரிக்கணும் போல இருந்துச்சுடா எனக்கு" என்றேன். "சொல்லாம பதவிசா வந்து வந்து உட்கார்ந்தேன். அது என் தப்பு. ஆனா எங்கப்பா நூத்து முப்பது கிலோ. அவரை எவனாவது முதுகுல ஏத்துவானா? நான் போயிருந்தா வாசப்படியிலேயே ரெண்டு பேரும் விழுந்திருப்போம். நீ சர்ச் முனை வரைக்கும் கொண்டு வந்திருக்கே. எழுந்திரு, நர்ஸ்கிட்ட போறோம்."

"எல்லார்கிட்டயும் சொல்லணுமா?"

"நர்ஸ்கிட்ட சொல்லு. அப்புறம் உன் பொண்டாட்டிகிட்ட. டாக்டரைப் பார்க்க சுவாவுக்குப் போகணும்னா நானும் வரேன். உன்னைத் தனியா அனுப்பினா கப்பலையே தொலைச்சிட்டு வந்து நிப்பே."

எழுந்து நடந்தோம். அவன் மணிக்கட்டை நான் விடவில்லை. துறையைத் தாண்டியதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வர, வாயை மூடிக்கொண்டேன். அவன் நின்றுவிட்டான்.

"ஏன் நிறுத்திட்டே?"

"எதை?"

"திட்டறதை." முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். "நர்ஸ் வீடு வர்ற வரைக்கும் திட்டிக்கிட்டே வா, மச்சான்."

நர்ஸ் வீடு மலைக்கு அந்தப் பக்கம். நடையைத் திட்டினேன், மூக்கைத் திட்டினேன், அவன் குறட்டையைத் திட்டினேன், அவன் நட்ட கிழங்கையெல்லாம் பேர் சொல்லித் திட்டினேன். என்னிடம் இருந்த வசவெல்லாம் பாதி மலையிலேயே தீர்ந்துபோனது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.