சும்மா ஒண்ணு கேக்கணும்

திங்கட்கிழமை காலை, இதயப் பிரிவின் புறநோயாளி அறைக் கதவுக்கு உள்ளே இருந்தவர்கள்: டாக்டர் விதோயே, அவருடைய சிகரெட்டுகளை ஒளித்து வைப்பதையே பாதி வேலையாகக் கொண்ட சிஸ்டர் யாகொடா, உள்மருத்துவப் பரீட்சையில் மூன்று முறை மண்ணைக் கவ்விய கடைசி வருட மாணவன் ரெல்யா, சட்டையைக் கழற்றிப் படுத்திருந்த மிலுட்டின் கிழவர். கதவுக்கு வெளியே இருந்தவர்கள்: ஊர்.

அந்தக் கதவுக்கு வெளிப்புறம் கைப்பிடி கிடையாது. திருகினாலும் திரும்பாத ஓர் உருண்டைக் குமிழ் மட்டும். உள்ளே இருப்பவர் மனது வைத்தால்தான் திறக்கும். ‘தட்டாதீர்கள், கூப்பிடுவோம்’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எல்லோரும் அந்தத் தாளின் மேலேயே தட்டித் தட்டி, ‘தட்டாதீர்கள்’ இருந்த இடம் கறுத்துப் போயிருந்தது. திறந்தால் ஒரு தலை உள்ளே வரும். “சும்மா ஒண்ணு கேக்கணும்” என்று சொல்லும். அந்த ஊர் இருக்கும் மொராவா ஆற்றங்கரையில் வரிசையை உடைக்க இதைவிட மரியாதையான வழி இல்லை.

“வெள்ளிக்கிழமை தலைநகர் பெல்கிரேடுல இருந்து ஆஸ்பத்திரியைச் சோதிக்கத் தரக்குழு வருது,” என்றார் டாக்டர், கிழவரின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடி. “மாணவனை வெச்சு எதையாவது மேம்படுத்திக் காட்டணுமாம். நீ எதை மேம்படுத்துவ?”

“நோயாளிங்க காத்திருக்கற நேரத்தைக் குறைக்கலாம் சார்.”

கதவு தட்டப்பட்டது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அவ்வளவு பெரிய ஆளா நீ? இந்தத் தட்டலை நிறுத்து, போதும். ஒரு மனுஷன் நெஞ்சை நான் முழுசா கேட்டே வருஷக்கணக்காச்சு.”

“நிறுத்திட்டா?”

“கையெழுத்துப் போடறேன்டா. போதுமா?”

உள்மருத்துவத்தில் பாஸ் என்று மதிப்பெண் புத்தகத்தில் டாக்டர் போட வேண்டிய அந்த ஒரே ஒரு கையெழுத்துதான் ரெல்யாவுக்கு வேண்டியது. அது விழுந்தால் பட்டம். பட்டம் வந்தால் ஜெர்மனி. அங்கே ஒரு மருத்துவமனை அவனுக்காக வேலையை மாதக் கடைசி வரை பிடித்து வைத்திருந்தது. அதற்குமேல் பிடித்து வைக்க அவன் ஒன்றும் அவ்வளவு உசத்தி இல்லை என்பது அவனுக்கே தெரியும்.

முதல் நாள் முழுக்கக் கதவோரம் நின்று கவனித்தான். டாக்டர் இருக்கிறாரா? வரிசையில் கடைசி யார்? மச்சினியின் மாத்திரையைத் தங்கச்சி சாப்பிடலாமா? சிஸ்டருக்கு என்னை ஞாபகம் இருக்கா, அந்தக் கல்யாணத்தில் ஒன்றாக ஆடினோமே? டாக்டர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அநேகமாக ஒன்றுமே இல்லை. ஆகவே மறுநாள் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு, வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்தான். தட்ட வந்த கை ஒவ்வொன்றையும் பாதி வழியில் மறித்து, பதில் சொல்லி அனுப்பினான்.

தட்டல் நின்றது. சாயங்காலம் டாக்டர் அவனைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார்.

புதன்கிழமை நாற்காலிக்கு ஒரு வரிசை உண்டானது. டாக்டருக்கு நின்றவர்கள், டாக்டருக்குத்தான் நிற்க வேண்டுமா என்று இவனிடம் கேட்க இந்த வரிசைக்கு வந்தார்கள். வந்தவர்கள் திரும்பவில்லை. இவன் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசினான். வேறு போக்கிடம் இல்லாததால் முழுசாகக் கேட்டான். ஒருத்தர் காபித்தூள் பொட்டலம் கொடுத்தார். ஒருத்தி வெண்ணெய்க்கட்டி கொண்டுவந்தாள். மிலுட்டின் கிழவர் ஒரு போத்தல் பிளம் சாராயத்தைக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

“வேணாம் தாத்தா, நான் படிக்கணும்.”

“குடிச்சிட்டுப் படி. போன மூணு தடவை குடிக்காமப் படிச்சியே, என்ன ஆச்சு?”

வியாழக்கிழமை டாக்டரைப் பார்க்க ஒருவரும் உள்ளே போகவில்லை. அவர் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து, சூடாக, கடைசி வரை சாப்பிட்டார். பிறகு அந்த அமைதி அவரை என்னவோ செய்தது. ஜன்னலைப் பார்த்தார். தன் நெஞ்சிலேயே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். கேட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்தார்.

“ரெல்யா, சும்மா ஒண்ணு கேக்கணும்...”

“கடைசி யாருன்னு கேட்டீங்களா டாக்டர்?” என்றார் மிலுட்டின்.

“யோவ், இது என் கதவுய்யா!”

“கதவு உங்களுது. வரிசை எங்களுது.”

டாக்டர் கடைசியில் போய் நின்றார். அவர் முறை வந்தபோது ரெல்யா மதிப்பெண் புத்தகத்தை விரித்துப் பேனாவோடு நீட்டினான்.

“நாளைக்கு, குழு போகட்டும்டா,” என்றார் டாக்டர். “முதல்ல சொல்லு, இப்படிப் படபடன்னு வருதே, சிகரெட்டாலயா?”

“ஆமா சார்.”

“வேற யாராவது டாக்டர்கிட்ட காட்டணுமா?”

“காட்டணும் சார்.”

வெள்ளிக்கிழமை தரக்குழு வந்தது. காபி குடித்தது. கதவருகே காதை வைத்து நின்றது. ஒரு தட்டல்கூட இல்லை. தலைவி அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“அற்புதம். ஆனா இது நிலைக்குமா? பையன் பாஸாகிப் போயிட்டா?”

டாக்டர் விதோயே ரெல்யாவைப் பார்த்தார். தன் கையில் விரித்திருந்த அவனுடைய மதிப்பெண் புத்தகத்தைப் பார்த்தார். அதை மூடினார்.

“பாஸாக மாட்டான்,” என்றார். “மூணு தடவை தோத்தவன். நம்பிக்கையான பையன்.”

“சார், நீங்க வாக்குக் கொடுத்தீங்க!”

“கொடுத்தேன்தான். கையெழுத்துப் போட்டா நீ போயிடுவ, தட்டல் திரும்ப வரும். ஒரு மருத்துவமனையோட தரத்தை ஒரே கையெழுத்தால நாசம் பண்ணச் சொல்றியா?”

குழு கைதட்டியது. சாதனைக்கு மரியாதையாக, துடைப்பமும் வாளியும் வைத்திருந்த பக்கத்து அறையை அன்று மதியமே காலி செய்து அவனுக்குக் கொடுத்தார்கள். கதவில் அவன் பெயர் தொங்கியது. வெளிப்புறம் உருண்டைக் குமிழ். அவன் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் யாரோ தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். மேம்பாடு தொடர வேண்டும் என்று தலைவி அம்மா சொல்லியிருந்ததால், நாலாம் வருடத்துப் பெண்ணொருத்தி நாற்காலியைத் தூக்கி வந்து அந்தக் கதவுக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரெல்யா கதவைத் திறந்தான். “நான் கிளம்பறேன். வழிவிடுங்க.”

“ஐயோ, கதவை மூடு! பின்னாடி ஜன்னல் தெறந்திருக்கு,” என்று, எந்த நோயையும்விடக் குறுக்குக் காற்றுக்கே அதிகம் பயப்படும் அந்த ஊர் வரிசையே அலறியது. “குறுக்குக் காத்து அடிச்சா கிட்னி போயிடும்!”

“சிஸ்டர், நீங்களாவது சொல்லுங்க.”

“சொல்றேன் கண்ணா. நீ உள்ள உட்காரு,” என்றாள் யாகொடா. ஒரு கோப்பைக் காபியை அவன் கையில் வைத்தாள். தோளைப் பிடித்து மெதுவாக உள்ளே தள்ளினாள். கதவைச் சாத்தி, சாவியை இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்து, டாக்டரின் சிகரெட்டுகள் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டாள்.