ஈரக் கை

அவை பல்லி இல்லை என்று இவர் குறைந்தது நூறு தடவையாவது என்னைத் திருத்தியிருப்பார். நியூட். தவளை ஜாதி. முதுகு கரிக் கறுப்பு, வயிறு குங்குமம், கண்ணாடித் தொட்டிக்குள் மூன்று. நான் பல்லி என்றுதான் சொல்வேன். நாள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்திவிட்டு வருகிறவளை வீட்டிலும் ஒருவர் திருத்தினால் எரிச்சல் வருமா, வராதா?

வாங்கியவன் எங்கள் பிள்ளை அனிருத். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "மூணே மாசம்மா, ஒரு ஃப்ரெண்ட் வந்து எடுத்துப்பான்" என்று மந்தைவெளி ஃப்ளாட்டின் கூடத்தில் தொட்டியை வைத்துவிட்டு விமானம் ஏறினான். ஃப்ரெண்ட் வரவில்லை. வாட்ஸப்பில் ஒரு குரல் செய்திதான் வந்தது. அதுகளின் தோலில் விஷம் இருக்கிறதாம். சும்மா கையில் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாதாம்; வாய்க்கோ கண்ணுக்கோ வெட்டுக்காயத்துக்கோ போய்விடக் கூடாதாம். கிளவுஸ் போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கென்று தனி வாளி, தனி வலை, சமையலறை சிங்க்கில் கழுவவே கூடாது, முடிந்ததும் சோப்பு போட்டுக் கை அலம்ப வேண்டும். பெற்றவளுக்கு அவன் அனுப்பியதிலேயே நீளமான செய்தி அதுதான்.

"விஷ ஜந்துவையா ஆத்துல வெச்சுட்டுப் போயிருக்கான்?" என்றேன்.

"அது நம்மளக் கடிச்சா ஒண்ணும் ஆகாது நீரஜா. நாம அதைக் கடிச்சாத்தான் ஆபத்து. நம்மாத்துல யார் கடிக்கப் போறா?" என்று சிரித்தார் இவர். பத்ரிநாராயணன் என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஓய்வு வாழ்க்கையில், அந்த மூன்றும் இவருக்கு ஒட்டிக்கொண்டன.

அப்போதே இவருடைய சிறுநீரகங்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. டயாலிசிஸ், வாந்தி, வீங்கிய கால் என்று ஒரு வருஷம் இழுத்தது. கடைசியில் என்னுடையது பொருந்தியது. கொடுத்தேன். கொடுத்ததைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். சொல்லிக் காட்டாமல் இருப்பதும் ஒரு வேலைதான். மற்ற வேலைகளோடு அதையும் செய்துகொண்டிருக்கிறேன்.

வந்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியன் என்று விரட்டிவிடக் கூடாதல்லவா, அதற்காக எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால் கொதிக்க வைத்த தண்ணீர், அப்போது வடித்த சாதம், முகத்துக்கு மாஸ்க், கல்யாணம் கிடையாது, கபாலி கோயில் கிடையாது. ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில், "வீட்ல நாய், பூனை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று இரண்டு பேருமே சொன்னோம். பொய்யே இல்லை. தொட்டிக்குள் கிடக்கிற பல்லியை நாய் பூனைக் கணக்கில் சேர்க்க எங்களுக்குத் தோன்றவில்லை.

இருந்தாலும் விஷம் விஷம்தானே. "இனிமே தொட்டியை நான் பாத்துக்கறேன். நீங்க கிட்டயே வரப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டுத் தண்ணீரைக் குளிர வைப்பது, அழுக்குத் தண்ணீரை மாற்றுவது, புழு போடுவது எல்லாம் என் தலையில் விழுந்தன. அதற்காக ஒரு டப்பா நீலக் கிளவுஸ் வாங்கினேன். இவருடைய மாத்திரையை உடைப்பதற்கும், உடம்பு துடைத்துவிடுவதற்கும் அந்த டப்பாவிலிருந்தேதான் எடுத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் இவருக்குக் காய்ச்சல் வந்தது. கூடவே வயிற்றுப்போக்கு. மழைத்தண்ணீரில் நீந்திய ஆட்டோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ஏறிக்கொண்டே போனது. என் உடம்பில் ஐம்பத்து மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் உழைத்தது, இவர் உடம்பில் ஒரு வருஷம்கூடத் தாங்காதோ என்று பயந்துபோனேன். பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"வெளிய ஏதாவது சாப்பிட்டாரா?" என்று டாக்டர் ஜுவேரியா கேட்டார். சின்னப் பெண்தான், ஆனால் முகத்தில் நாலு நாள் தூக்கமின்மை.

"ஒரு பருக்கை வெளியில கிடையாது டாக்டர். எல்லாம் என் கையால பண்றது."

"ரத்தத்துல சால்மொனெல்லான்னு ஒரு கிருமி இருக்கும்மா. சாப்பாட்டுலதான் வரணும்னு இல்ல. வீட்ல ஆமை, தவளை, பல்லி மாதிரி ஏதாவது வளக்கறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லையே" என்றார் இவர். முப்பது வருஷத்தில் இவ்வளவு சீக்கிரமாக எந்தக் கேள்விக்கும் இவர் பதில் சொன்னதில்லை. கறிகாய் என்ன வேண்டும் என்றாலே கால் மணி யோசிக்கிற மனுஷர்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் குனிந்து கேட்டேன்.

"தொட்டேளா?"

இவர் கண்ணை மூடிக்கொண்டார். "மத்தியானத்துல. நீ ஸ்கூலுக்குப் போனப்புறம்."

"எத்தனை நாளா?"

"தெரியலை. தினமும்தான்னு வெச்சுக்கோயேன். கை அலம்பிண்டுதான் மறுகாரியம் பாத்தேன், சத்தியமா."

"எப்படி அலம்பினேள்?"

டிரிப்ஸ் ஏறாத கையை நீட்டி, இன்னொரு கையால் விரல் நுனிகளின் மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுகிற மாதிரி செய்து காட்டினார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் வீடுகளில் சாதத்தைத் தொட்ட கை ‘பத்து’, ஒரு மாதிரித் தீட்டு. அந்தக் கையோடு தயிரையோ நெய்யையோ தொடக் கூடாது. ஆனால் விரலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டால் போதும், கை சுத்தம். சோப்பு கேட்கிற சமாசாரமே இல்லை. பிறந்ததிலிருந்து இவர் கைக்குப் பழகிய சுத்தம் அது. பல்லியைத் தொட்டுவிட்டும் விரலை நனைத்துக்கொண்டிருக்கிறார், பிறகு போய்த் தட்டையை எடுத்து வாயில் போட்டிருக்கிறார்.

"உங்க வயித்துல இருக்கறது என்னோடது" என்றேன். சொல்லக் கூடாது என்றிருந்தது வந்துவிட்டது. "அதை வெச்சுண்டு பல்லியோட விளையாடினேளா? எனக்கு இன்னொண்ணு இருக்கு, அதையும் எடுத்துண்டுடலாம்னு நினைச்சேளா?"

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இவர் மேல்கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தொட்டிகிட்ட போனா மூணும் மேல வரும் நீரஜா. விரலை வெச்சா ஏறி உக்காந்துக்கும். வேற யார் என்னைத் தொடறா? நர்ஸு கிளவுஸோட வரா. நீயும் கிளவுஸோடதான் வரே. பல்லிக்கும் எனக்கும் ஒரே டப்பா."

எழுந்து போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

டாக்டர் திட்டவில்லை. "நீங்க விஷத்துக்கு பயந்தீங்க, அது தப்பில்ல. ஆனா சார படுக்க வெச்சது கிருமிம்மா. அதுங்க தோல்லயும் தண்ணியிலயும் எப்பவும் இருக்கலாம், அதுங்க நல்லாத்தான் இருக்கும். உங்களுக்கோ எனக்கோ வந்தா ரெண்டு நாள் வயிறு போகும். சாருக்கு அப்படி இல்ல. அதுங்க இனிமே அந்த வீட்லயே இருக்கக் கூடாது. நீங்க பாத்துக்கிட்டாலும் சரி, தொட்டி தண்ணி எங்க சிந்துதுன்னு யாருக்குத் தெரியும்?"

விஷத்தை வாயில் போடாதவரை பயமில்லை என்று நாங்கள் இரண்டு பேருமே நிம்மதியாக இருந்திருக்கிறோம். விஷம் பாவம், அதன்பாட்டுக்குச் சும்மா இருந்திருக்கிறது.

அனிருத்துக்கு போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாரிம்மா" என்றான். வேளச்சேரியிலிருந்து அவன் நண்பன் பரத்வாஜ் மறுநாளே மூடி போட்ட பெட்டியோடு வந்தான். மூன்று மாதத்தில் வர வேண்டிய ஃப்ரெண்ட் அவன்தான். அவனைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

"உங்காத்துல குழந்தை, வயசானவா யாராவது உண்டாப்பா?"

"நான் மட்டும்தான் ஆன்ட்டி."

"சோப்பு போட்டு அலம்பு. விரல் நுனியை மட்டும் இல்லை, முழங்கை வரைக்கும்."

ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, கடைசியாக வீடியோவில் பார்க்கிறீர்களா என்று இவரைக் கேட்டேன். வேண்டாம், எடுத்துண்டு போகட்டும் என்றார். பரத்வாஜ் போன பிறகு பாத்ரூமில் உட்கார்ந்து தரை, வாளி எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். இடுப்பில் ஆபரேஷன் தழும்பு இழுத்தது.

கிரியேட்டினின் இறங்கியது. பழைய இடத்துக்கு வரவில்லை, "இதுக்கு மேல எவ்ளோ இறங்கும்னு பொறுத்துதான் பாக்கணும்" என்றார் டாக்டர். இவரை வீட்டுக்குக் கூட்டி வந்த மத்தியானம் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். கூடத்தில் தொட்டி இருந்த சுவரைப் பார்த்தபடி இவர் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை, குறை சொல்லவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிதானமாகச் சோப்பு போட்டுக் கை அலம்பி, துடைத்துக்கொண்டு, மோடாவை இழுத்துப் போட்டு இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க வெச்சிருக்கா அதை?" என்று கேட்டேன். கிளவுஸ் கையால் தழும்பைத் துடைத்திருக்கிறேனே தவிர, சிறுநீரகம் எங்கே இருக்கிறது என்று இத்தனை மாதத்தில் கேட்டதே இல்லை. மாத்திரை, தண்ணீர், உப்பு, காய்ச்சல் என்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

இவர் சட்டையை விலக்கி, என் வெறுங்கையைப் பிடித்து, தொப்புளுக்குக் கீழே வலது பக்கம் தழும்பின் மேல் வைத்தார். தோலுக்கு அடியில் கையடக்கமாக ஒன்று தட்டுப்பட்டது. சூடாக இருந்தது. என்னுடையது என்று அப்போது தோன்றவில்லை, இவருடையதாகவும் தோன்றவில்லை.

"வலிக்கறதா?"

"இல்லை."

"எனக்கு ரொம்ப அலுத்துப் போச்சு" என்றேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"தெரியும்" என்றார். "கையை மட்டும் எடுத்துடாதே."