தெரியாமல் இருக்கும் வேலை

குறைதீர் அதிகாரி என்று பலகை மாட்டிய அறையில் அவர் பார்த்த வேலை, குறைகளைப் படிக்காமல் இருப்பது. கடை, டாக்டர், பள்ளிக்கூடம் என்று எதைப் பற்றியும் யாரும் எதையும் எழுதலாம் என்ற இணையதளம் அது. வழக்கு வந்தால், கம்பெனிக்குத் தெரிந்திருந்ததா என்றுதான் கோர்ட்டில் கேட்பார்களாம். ஆகவே புகார் மெயில்கள் திறக்கப்படாமலே ஒரு மூலையில் உறங்கின.

கம்பெனி வக்கீல் இதற்கு ‘அறியாமைக் கொள்கை’ என்று பெயர் சூட்டியிருந்தார். “நாம வெறும் சுவர் சார். எவனோ கிறுக்கினா சுவரையா ஜெயில்ல போடுவாங்க? ஆனா சுவர் படிச்சிடக் கூடாது.”

மூன்று வருடமாகப் படிக்காமலே அதிகாரிக்குக் கண் வலித்தது.

அன்று அவருடைய அக்காவே வந்து நின்றாள். வீட்டில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்துபவள்.

“ஏண்டா, ஆறு மெயில் போட்டேன். ஒண்ணுக்காவது பதில் வந்துச்சா?”

“அக்கா, தயவுசெஞ்சு விஷயத்தைச் சொல்லாதே. படிவம் தரேன்.”

“பிள்ளைங்களுக்கு நான் தூக்க மருந்து கொடுக்கிறேன்னு உங்க சைட்டுல எவனோ எழுதியிருக்கான்டா! பன்னெண்டு பிள்ளைங்க இருந்த இடத்துல இப்ப மூணு. மாசக் கடைசியில கதவைச் சாத்த வேண்டியதுதான்.”

கேட்டுத் தொலைத்துவிட்டார். நீக்கும் அதிகாரமோ வக்கீலிடம். நேராக வக்கீல் அறைக்குப் போனார்.

“நீங்க தம்பியா கேட்டீங்க, அதிகாரியா கேக்கல,” என்றார் வக்கீல். “கம்பெனிக்கு இன்னும் தெரியாது.”

“யாருக்குத் தெரிஞ்சா கம்பெனிக்குத் தெரிஞ்ச மாதிரி?”

“எனக்கு.” வக்கீல் டையைச் சரிசெய்துகொண்டார்.

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அக்காவின் முதல் மெயிலைத் திறந்து, பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி உரக்கப் படித்தார். வக்கீல் இரண்டு காதுக்குள்ளும் விரலை விட்டுக்கொண்டார். நான்காவது மெயிலில் அவருக்குக் கை கடுத்தது.

“போதும் சார்! தூக்க மருந்துதானே? எடுத்துத் தொலைக்கிறேன்!”

சாயங்காலம் அதிகாரி அக்காவுக்குப் போன் போட்டார். “எடுத்தாச்சு.”

“சரி. அது பொய்னு எங்கயாவது போட்டீங்களா?”

“பொய்யா நெசமான்னு கம்பெனிக்கு எப்படித் தெரியும் அக்கா?”

“உனக்கு?”

“எனக்குத் தெரியும்.”

“அப்போ பிள்ளையை நிறுத்தின அந்த ஒன்பது வீட்டுலயும் வந்து சொல்லுடா.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு பேனாவைத் தேடி எடுத்து, “முதல் வீட்டு விலாசம் சொல்லு,” என்றார்.