பள்ளத்தில் கொட்டிய மண்

அந்த வீட்டில் இரண்டு மருமகள்கள். மூத்தவள் நகராட்சியில் வரைபடம் போடும் வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலேறி, நகரமைப்பு அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்தவள். இளையவள் மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள்; தெருக்காரர்கள் பிடித்துத் தள்ளியதில் தேர்தலில் நின்று, நின்றவளே நம்பாத அளவுக்கு ஓட்டு வாங்கிக் கவுன்சிலராகிவிட்டாள். ஓரகத்திகள் என்றாலும் இருவருக்கும் ஒட்டுதல்தான். ஒரே அடுப்பு, ஒரே அரட்டை. பள்ளம் வந்து நடுவில் விழும்வரை அப்படித்தான் இருந்தது.

பள்ளம் என்பது ரயில் பாதையை ஒட்டிக் கிடந்த நகராட்சி நிலம். கோரை மண்டிய தாழ்வான இடம். சுற்றுவட்டத் தெருக்களின் மழைத்தண்ணீரெல்லாம் அதில்தான் போய் அடங்கும். அதைத் தொடாமல் விடுங்கள், கரை போட்டுக் குளமாக்கினால் இன்னும் நல்லது என்று மூத்தவள் வருஷக்கணக்காகச் சொல்லிவந்தாள். வருகிற ஆணையரெல்லாம் தலையாட்டுவார், கோப்பைக் கிடப்பில் போடுவார், மாற்றலாகிப் போய்விடுவார். அந்த ஆற்றாமையை அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இளையவளிடம்தான் கொட்டுவாள்.

கேட்டவள் சும்மா இருக்கவில்லை. பதவியேற்ற சூட்டோடு சூடாக நகராட்சித் தலைவரை அழைத்துப்போய்ப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்தினாள். தையல்காரம்மா, சைக்கிள் கடைக்காரர், பள்ளிக்கூடத்து வாத்தியார் என்று தெருவே திரண்டது. குளம் வெட்டலாம் என்று தலைவர் அங்கேயே வாக்குக் கொடுத்தார். மறுநாள் பேப்பரில் படம். மாமனார் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு வந்தவர் போனவர்க்கெல்லாம் காட்டினார். மூத்தவளின் கணவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "நீ இத்தனை வருஷமா முட்டிக்கிட்டு நின்ன. அவ ஒரே மூச்சுல முடிச்சிட்டா, பாரேன்" என்றான். அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அதனாலேயே அது ஆழமாகக் குத்தியது.

இளையவள் நன்றி கெட்டவளும் இல்லை. யோசனை அக்காவுடையது என்று நிருபரிடம் சொல்லித்தான் இருந்தாள். அவர் அதைப் போடவில்லை. இது மூத்தவளுக்குத் தெரியும். இளையவள் மேல் குற்றம் கண்டுபிடிக்க முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். அதற்கும் வழியில்லை. மாடிப்படியில் அவள் இறங்கிவரும் செருப்புச் சத்தம் கேட்டாலே இவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

நிலக்குழுக் கூட்டத்தில் குளத்துக்கான தீர்மானத்தை இளையவள் கொண்டுவந்தாள். பயமில்லாமல், திணறாமல் பேசினாள். பாதி வாக்கியங்கள் மூத்தவள் சமையலறையில் சொன்னவை. தலைவர் திரும்பி, நகரமைப்புப் பிரிவு என்ன சொல்கிறது என்று கேட்டார். 'சம்மதம்' என்ற ஒரு சொல் போதும். அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"யோசனை நல்லதுதான்," என்றாள் மூத்தவள். "ஆனா ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணி மட்டத்தை அளந்து பார்க்காம உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாத பேச்சு. குழு உடனே ஒத்துக்கொண்டது. இளையவளும் தலையசைத்தாள். தீர்மானம் ஆய்வு முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது. எல்லாரும் எழுந்திருக்கும் நேரத்தில் சுகாதாரப் பிரிவு அதிகாரி தொண்டையைச் செருமினார். குப்பை லாரிகளை நிறுத்த இடமில்லை, ஆய்வு முடியும்வரை நிலம் சும்மாதானே கிடக்கும், தற்காலிகமாகக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்றார். யாருக்கும் மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. மூத்தவளுக்குக் காரணம் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் தன் பேச்சைத் தானே விழுங்க வேண்டும். காகிதங்களை அடுக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

லாரி சேற்றில் நிற்குமா? இடிந்த கட்டடங்களின் கல்லும் மண்ணும் வந்து விழுந்தன. கோரை மறைந்தது. மழைக்காலத்தில் அளப்பதற்கு அங்கே பள்ளமே இல்லை.

முதல் பெருமழையில் தண்ணீர் வழக்கமான வழியைத் தேடிப் போய், அடைத்திருப்பதைக் கண்டு திரும்பித் தெருவுக்குள் நுழைந்தது. தையல்காரம்மாவின் மிஷின் மோட்டாரோடு மூழ்கியது. தைக்கக் கொடுத்த துணியெல்லாம் சாக்கடைத் தண்ணீரில் மிதந்தது. ஜனங்கள் நேராக இளையவளிடம் வந்தார்கள். குளம் வரும் என்று படம் எடுத்துக்கொண்டாயே, லாரிதானே வந்தது என்று வாசலில் நின்று கேட்டார்கள். மூத்தவள் ஜன்னலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. அந்த சுகத்தை அவளே கண்டுகொண்டபோது கூசிப்போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் இளையவள் ஈரக் காலோடு சமையலறைக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னதுதான் சரிக்கா. ஆய்வு இல்லாம நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் மூத்தவள் சமாளித்திருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை.

"ஆய்வே தேவையில்ல. எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உனக்குக் கிடைக்கறது எனக்குப் பொறுக்கல."

இளையவள் எழுந்தாள். "உங்க கோபத்தை என்கிட்ட காட்டியிருக்கலாமேக்கா. அந்தத் தெரு என்ன பண்ணுச்சு?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடியேறிப் போனாள். மறுநாளிலிருந்து மாடியில் தனி அடுப்பு எரிந்தது. மாமனாருக்குக் காரணம் புரியவில்லை. இரண்டு இடத்திலும் சாப்பிட்டு வைத்தார்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூத்தவள் யாரும் கேட்காமலே எழுந்தாள். ஆய்வு வேண்டும் என்று தான் சொன்னது தவறு, பள்ளம் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்பது பிரிவுக்கு முன்பே தெரிந்த விஷயம் என்றாள். அப்படியானால் அன்றைக்கு ஏன் மறைத்தீர்கள் என்று தலைவர் கேட்டார். தவறு தன்னுடையது என்பதை மட்டும் திரும்பச் சொன்னாள். இளையவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரணம் தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பதவி ஒரு படி இறங்கியது. கட்டட அனுமதிப் பிரிவில் மதில்சுவர் உயரம் பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளமும் முழுசாகத் திரும்பவில்லை. லாரிகளுக்குச் சுகாதாரப் பிரிவு ஷெட் போட்டுவிட்டது. போட்ட ஷெட்டை எந்த நகராட்சி பிரித்திருக்கிறது? மிச்சமிருந்த பாதியைத் தோண்டிக் கரை போட்டார்கள். அடுத்த மழையில் தெருவுக்குள் தண்ணீர் வந்தது, ஆனால் படி ஏறவில்லை.

அந்த மழை விட்டதும் மூத்தவள் குடையை மடக்கிக்கொண்டு கரையில் நின்றாள். கொஞ்ச தூரத்தில் தையல்காரம்மா இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லிச் சிரித்தாள். மூத்தவளுக்குப் பழைய இடத்திலேயே சுருக்கென்றது. அது போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை.

இளையவள் இவளைப் பார்த்துவிட்டாள். சற்றுத் தயங்கி, பிறகு நடந்து வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"ஷெட்டுக்குப் பின்னாடி சிமெண்ட் தளம் போடப் போறாங்களாம். திங்கக்கிழமை கூட்டம். நான் என்ன கேக்கணும்?"

மூத்தவள் ஷெட்டின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தளம் போட்டால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் எங்கே போகும் என்று முதலில் கேள், வாயால் பதில் சொன்னால் விடாதே, வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டச் சொல் என்று தொடங்கினாள். இளையவள் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.