கத்தரிப்பூ நிறப் படுதா

படுதா சிவப்புதான் என்று சலூன்காரர் சத்தியம் செய்தார். பச்சை என்றார் ஹெட்மாஸ்டர். ஓய்வு பெற்றுப் பத்து வருஷமாகியும் அந்த அதட்டல் குரலைவிட்டுப் போகவில்லை. இல்லவே இல்லை, நீலம், கல்யாணமாகி முதல் படம் அங்கேதான் பார்த்தேன், எனக்குத் தெரியாதா என்று மருந்துக்கடை அம்மா கமிட்டி மேஜையைத் தட்டினார். இத்தனைக்கும் மூன்று பேரும் அதே தியேட்டரில், அதே படுதாவுக்கு முன்னால், வாரம் தவறாமல் உட்கார்ந்தவர்கள். கேட்டால் ஆளுக்கொரு நிறம். நல்ல கூத்து!

"யாராவது ஒருத்தர் ஆதாரத்தோட சொல்லுங்களேன்," என்றார் இன்ஜினியரம்மா. இடிந்துகிடந்த தியேட்டரைப் பழையபடியே எடுத்துக் கட்டும் பொறுப்பு அவருடையது. சுவரைச் சுரண்டிச் சுரண்டி, ஆறு பூச்சுக்கு அடியில் இருந்த முதல் வண்ணத்தைக் கண்டுபிடித்தவர். குத்துமதிப்பு என்ற பேச்சே அவருக்கு ஆகாது. "தெரியலேன்னா படுதாவே வேண்டாம். வெறும் திரையோட திறந்துடலாம்."

தையலக்காவுக்கு அது பொறுக்கவில்லை. படுதா தைக்கப்போகிறவள் அவள் என்பதற்காக மட்டும் இல்லை. படுதா இல்லாமல் அது என்ன தியேட்டர்? மூன்றாவது மணி அடிக்கும். பேச்சு அடங்கி மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். தரையைத் தொட்டுக்கொண்டிருந்த குஞ்சம் மெல்ல அசைந்து மேலே எழும்பும். சின்ன வயசில் அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் படத்துக்குப் போனாள். படமும் நன்றாக இருந்துவிட்டால் அது கொசுறு. ஆனால் நிறம் என்னவென்று கேட்டால், அவளுக்கும் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும்தான் ஞாபகம் வந்தது.

அந்தக் கயிற்றை இழுத்தவர் அவள் அப்பா. கேட்டில் நின்று டிக்கெட் கிழித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே ஓடிப்போய்ப் படுதாவை ஏற்றுவார். முப்பத்தொரு வருஷம் இதே வேலை. தெருவில் அவருக்குப் பெயரே 'கறார்'தான். டிக்கெட் இல்லாமல் வந்த மைத்துனரை, "உறவெல்லாம் வீட்டில வெச்சுக்கலாம்" என்று வாசலோடு திருப்பி அனுப்பியவர். பெற்ற மகளும் கியூவில்தான் நிற்க வேண்டும். தியேட்டர் மூடி இருபத்திரண்டு வருஷம். அவர் போய் நாலு வருஷம். கேட்டுக்குப் பக்கத்தில் அவர் படத்தை மாட்டுவதென்று கமிட்டி தீர்மானமே போட்டிருந்தது. "இங்கேயிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்துட்டுப் போகாத மனுஷன்," என்று ஹெட்மாஸ்டர் பேசியபோது தையலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா வைத்துவிட்டுப் போனது அந்தப் பேர் ஒன்றுதான்.

மறுநாள் காலை அம்மா வீட்டுக்குப் போனாள். அம்மா தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தையலக்கா வழக்கம்போல் கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏம்மா, தியேட்டர் படுதா என்ன கலர்னு ஞாபகம் இருக்கா?"

அம்மா தலையைத் தூக்கவில்லை. "எதுக்குடி?"

"அதே மாதிரி தைக்கணும். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"ஏதோ ஒரு கலர்ல தைச்சுக் குடு. யாருக்குத் தெரியப்போகுது?"

கறாரோடு நாற்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் பேசுகிற பேச்சா இது? "உனக்குத் தெரியும். மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. சொல்லும்மா."

அம்மா தட்டைத் தள்ளிவைத்தாள். "சொன்னா தாங்குவியா? நீ உக்காந்திருக்கியே மெத்தை, அதுதாண்டி படுதா."

தையலக்கா துள்ளி இறங்கினாள். உறையைப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே மடிப்பு மடிப்பாக வெல்வெட், நல்ல கத்தரிப்பூ நிறம், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, நீலமும் இல்லை. மணி அடிக்கும்முன் படுதாமேல் மூன்று நிற விளக்குகளை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அவரவருக்குப் பிடித்த விளக்கை அவரவர் மனசில் வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

"மூடின மறுநாள் லாரி வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போறதா இருந்துச்சு," என்றாள் அம்மா. "பட்டப்பகல்ல, தள்ளுவண்டியில பாதிப் படுதாவைச் சுருட்டி வெச்சு, மேலே பாயைப் போட்டு மூடித் தள்ளிட்டு வந்தார். லாரியில தூக்கிப் போட மனசு வரலைன்னு குழந்தை மாதிரி அழுதார். ஆனா வீட்டுக்குள்ள கொண்டுவந்த நிமிஷமே வேற ஆளாயிட்டார். திருப்பிக் குடுக்கவும் தைரியம் இல்லை, வெச்சுக்கவும் மனசு ஒப்பலை. மெத்தையாத் தைச்சு மறைச்சவ நான். ஒரு நாள்கூட அவர் அதுமேல படுக்கலைடி."

கடைசிவரை அப்பா தரையில்தான் படுத்தார். முதுகுவலி என்று தையலக்கா தைலம் வாங்கி வாங்கிக் கொடுத்தாள்!

"வெளியில மூச்சு விட்டுடாதே. போன மனுஷன் பேரைக் கெடுக்காதே," என்று அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் அவளுக்கு வேலையே ஓடவில்லை. ஒரு துண்டை மட்டும் வெட்டி, கடையில் பழைய துணி மூட்டையில் கிடந்தது என்று சொல்லிவிடலாமா? கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். அப்பாமேல் கோபம் கோபமாக வந்தது. என்னை வெயிலில் கியூவில் நிற்கவைத்துவிட்டு நீ செய்த வேலையா இது? கோபம் வடிந்ததும் பாவமாக இருந்தது. ஆனால் பொய்யைச் சொல்லிவிட்டு, அந்தக் கேட்டில் தொங்கும் படத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பது? முடியாது. அவளால் அது முடியவே முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடியது. ஒரு வண்டி பிடித்து மெத்தையை அப்படியே கொண்டுபோய், தியேட்டர் தரையில் பிரித்து விரித்தாள்.

"இதுதான் படுதா. பாதிதான் இருக்கு. அப்பா யாரையும் கேட்காம எடுத்துட்டு வந்துட்டார். திருட்டுதான். படம் மாட்ட வேண்டாம் சார்."

இன்ஜினியரம்மா மண்டியிட்டு அந்தக் குஞ்சத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சலூன்காரர் விருட்டென்று எழுந்து வெளியே போனார். முகத்தில் முழிக்கவே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று தையலக்கா கூனிக் குறுகி நின்றாள்.

பத்து நிமிஷத்தில் தரையைத் தேய்த்துக்கொண்டு ஒரு சத்தம் வந்தது. ஒட்டினாற்போல் மூன்று நாற்காலி கொண்ட இரும்பு பெஞ்சை மூச்சிரைக்க இழுத்துக்கொண்டு வந்தார் சலூன்காரர். "கடையில காத்திருக்கிறவங்களுக்குப் போட்டிருந்தேன். பெயிண்ட் அடிச்சா தெரியாதுன்னு நினைச்சேன். அடியில பாருங்க, சீட்டு நம்பர் அப்படியே இருக்கு."

ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "படிக்கட்டு விளக்கு ரெண்டும்... எங்க வீட்டு முன்ரூம்லதான் எரியுது."

"மணி எங்க வீட்டில," என்றார் மருந்துக்கடை அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "குப்பையில போறதுக்கு நம்மகிட்ட இருக்கட்டுமேன்னுதான்..."

இன்ஜினியரம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவிகளா! ஒரு வருஷமா இதையெல்லாம் நான் ஊர் ஊராத் தேடிட்டிருக்கேன்!"

அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. கறார் படத்தை மாட்டியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் எங்கள் எல்லார் படத்தையும் போலீஸ் ஸ்டேஷனில் மாட்டவேண்டிவரும் என்றார் ஹெட்மாஸ்டர். தையலக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் சலூன்காரரிடம் கேட்டாள்.

"ஏண்ணே, எங்கப்பாவோட அவ்வளவு சிநேகமா இருந்தீங்களே. தியேட்டர் மூடினப்புறம் ஒரு நாள்கூட வீட்டுப் பக்கம் வரலையே?"

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது தங்கச்சி? தெருவே ஆளுக்கொண்ணு தூக்கிட்டுப் போச்சு, அவர் ஒருத்தர்தான் சுத்தம்னு நினைச்சோம். அவர் எதிர்ல வந்தா வெட்கப்பட்டுக்கிட்டு நாங்கெல்லாம் சந்துக்குள்ள திரும்பிடுவோம்."

தையலக்காவின் சிரிப்பு நின்றுபோனது.

"அதையேதான்ணே அவரும் சொல்லிட்டிருந்தாராம்," என்றாள். "அம்மா சொன்னாங்க. 'எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, என்னைக் கண்டா ஒதுங்கிப் போறாங்க'ன்னு சொல்லிச் சொல்லியே வாசலுக்கு வர்றதை விட்டுட்டார். பதினெட்டு வருஷம்ணே."

சலூன்காரர் அந்த பெஞ்சிலேயே பொத்தென்று உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு நாள் வந்து, நானும் திருடன்தான்யான்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவள் வாய்விட்டு அழுதாள். "சிரிச்சிருப்பாரேண்ணே."