மதகுக் கதவும் நீலாவதி டீச்சரின் தூக்கமும்

ஜம்புலிங்கம் தூங்குவதைப் பார்ப்பதற்குப் பன்றி சேற்றில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நீலாவதி டீச்சர் நினைப்பாள். பன்றியாவது அவ்வப்போது புரளும். அவள் புருஷன் அதுகூடச் செய்யமாட்டான். ராத்திரிச் சோறு முடிந்து, வெற்றிலைச் சாற்றைக் கொல்லைப்பக்கம் துப்பிவிட்டு வந்து கட்டிலில் மல்லாந்தால், அவள் கொசுவலையின் ஒரு பக்கத்தைச் செருகி முடிப்பதற்குள் வாய் திறந்துகொள்ளும். மறுபக்கம் செருகும்போது குறட்டை வந்துவிடும். நடுவில் யோசனை என்று ஒன்று மனிதர்களுக்கு வருமே, அது அவன் தலைக்குள் வந்து உட்கார ஒரு முக்காலிகூடக் கிடையாது.

அவளுக்குப் பதினொரு மணிக்குக் கண் செருகும். ஒரு மணிக்கு யாரோ தோளைத் தட்டியதுபோல் விழிப்பு வரும். அதோடு சரி. தகரக் கூரையில் மழை விழுந்தாலும் விழாவிட்டாலும் மிச்ச ராத்திரி முழுக்க அவளுடையதுதான். அந்தமானில் நாலரைக்கே வெளுத்துவிடும். பதினேழு வருஷமாக அந்தத் தீவின் டாலிகஞ்சில் குடியிருக்கிறவளுக்கு அந்த ஊரில் பிடித்த விஷயம் அது ஒன்றுதான்.

அவள் தூங்காத செய்தி பரவியதும் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். பக்கத்து வீட்டுச் செல்லம் தலையில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னாள். வைத்ததில் தலையணை நாறியதுதான் மிச்சம். ஹெட்மாஸ்டர் சொக்கலிங்கம் ஆயிரத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னார். அவர் மத்தியானம் வருகைப் பதிவேட்டைக் கன்னத்துக்கு அணை கொடுத்து, ஒன்றையும் எண்ணாமல் தூங்குகிறவர். அவருக்கு எண்ணிக்கையைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தபடி நீலாவதி வந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் நாலு மணி நேரம் தூங்கினாள். மறுநாள் மூன்றாம் வகுப்பில் கரும்பலகைக்கு எதிரே சாக்பீஸும் கையுமாக நின்று, என்ன எழுத வந்தோம் என்று தெரியாமல் விழித்தாள். அதோடு மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

"உனக்கு வேலை பத்தல நீலா" என்றான் ஜம்புலிங்கம். "மனசுல ஒண்ணையும் வெச்சுக்காம படு. என்னைப் பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அதுதான் வியாதியே.

ஆரம்பித்தது அந்த வருஷம் சித்திரைக் கடைசியில். ஜம்புலிங்கம் சின்னக் கான்ட்ராக்டர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரியாகக் கப்பலேறி வந்து, பாலம், கக்கூஸ், பள்ளிக்கூடச் சுவர் என்று எது கிடைத்தாலும் கட்டி மேலே வந்தவன். அப்போது சிப்பிகாட் என்கிற ஊரில் வயல்களுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மண்கரையும், மழைத்தண்ணீரை வெளியே விட்டுக் கடல் தண்ணீரைத் தடுக்கிற ஒரு மதகும் அவன் பொறுப்பில் முடிந்திருந்தன. வேலை முடிந்த சந்தோஷத்தில் தன் மேஸ்திரி சண்முகத்தைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தான்.

"ஓவர்சியர் மதகுக் கதவைத் தட்டிப் பாத்தாருண்ணே" என்று சண்முகம் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தான். "'பக்கா படாக் மரம்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

"தார் பூசினா எல்லாம் கறுப்புத்தான்" என்றான் ஜம்புலிங்கம். "படாக்குக்கு என்ன, பபீதாவுக்கு என்ன."

நீலாவதி பரிமாறிக்கொண்டிருந்தாள். தீவில் இருக்கிற எவருக்கும் பபீதா என்ன மரம் என்று தெரியும். படாக் இரும்புபோல; பபீதா தீக்குச்சிக்கு அறுக்கிற மரம். உப்புத் தண்ணீரில் போட்டால் புழு துளைத்துத் தின்றுவிடும்.

"அது எத்தனை நாள் தாங்கும்?" என்று கேட்டாள்.

"இந்த மழைக்குத் தாங்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் நண்டு மேல பழியைப் போட்டாப் போச்சு. கரையில நண்டு ஓட்டை போடாத ஊரா இது. நீ ரசத்தை ஊத்து."

அன்று ராத்திரிதான் முதல்முறையாக ஒரு மணிக்கு விழிப்பு வந்தது. பக்கத்தில் அவன் கிடந்தான். தொப்புளுக்குக் கீழே இறங்கிய லுங்கி, திறந்த வாய், உள்ளே ஒரு தங்கப்பல். ஓர் ஊர் நெல்லைத் தீக்குச்சி மரத்தை நம்பி விட்டுவிட்டு வந்தவன் எப்படித் தூங்குவானோ அப்படியெல்லாம் தூங்கவில்லை. பால் குடித்த குழந்தைபோல் தூங்கினான். அந்த வினாடியில் அவள் மனசில் புருஷன் என்று இருந்த ஏதோ ஒன்று அறுந்து விழுந்தது. விழுந்ததை அவள் எடுத்து வைக்கவும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் சிப்பிகாட்டிலிருந்து அழகேசன் சைக்கிளில் காய்கறி கொண்டுவருவான். பாட்டன் காலத்திலேயே தீவுக்கு வந்துவிட்ட குடும்பம். தமிழும் இந்தியும் கலந்த பேச்சு. ஆடி பிறந்த ஒரு காலையில் தராசைப் பிடித்தபடி சொன்னான்:

"சாப் மதகுல பக்கா காம் பண்ணிட்டாரு டீச்சர்ஜி. முன்னெல்லாம் அமாவாசை, பூரணை வந்தா நாங்க படுக்கிறதே இல்ல. லாந்தரை வெச்சுக்கிட்டுக் கரையிலயே ஒக்காந்திருப்போம். இப்ப ஆராம். நானும் கண்ணம்மாவும் விழுந்தா காலையிலதான் எந்திரிக்கிறோம்."

நீலாவதி வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முற்றல், பிஞ்சு என்று பாராமல் ஒரு கூடையையே ஒடித்திருந்தாள். அழகேசன் ஒடிந்ததையெல்லாம் தராசில் அள்ளிப் போட்டான்.

அப்போதும் அவள் சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் ஓடியது. ராத்திரியெல்லாம் விழித்திருந்து அவள் செய்தது ஒன்றே ஒன்றுதான். புருஷனைக் கேவலமாக நினைப்பது. அதில் அவளுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டிருந்தது. அவன் மூச்சு ஏறுவதற்கு ஒரு வசவு, இறங்குவதற்கு ஒரு வசவு. தூங்காமல் கிடப்பதே அவனைவிடத் தன்னை ஒரு படி உயர்த்திவிட்டதாக ஓர் எண்ணம். ஒரு ராத்திரி, கழிப்பறைக்குப் போய்த் திரும்பும்போது, அந்த எண்ணம் இருட்டில் கல் தடுக்குவதுபோல் தடுக்கியது. அவனாவது தப்பு செய்துவிட்டுத் தூங்குகிறான். நாமோ அதே தப்புக்குக் காவல் இருக்கிறோம், விழித்திருப்பதற்குப் பெருமை வேறு என்று தோன்றியது. அவன் மேல் துப்ப வைத்திருந்த எச்சில் தன் வாயிலேயே கசந்தது.

ஆடி அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. காலையில் சைக்கிள் மணி கேட்டதும் வாசலுக்குப் போனாள்.

"அழகேசா, அந்த மதகுக் கதவைக் கத்தியால குத்திப் பாரு."

"எதுக்கு டீச்சர்ஜி?"

"தண்ணி வத்தினதும், கழிப் பக்கமாப் போயிக் குத்திப் பாரு."

"படாக்ல கத்தி எறங்காதே."

"எறங்கினா அது படாக் இல்ல."

அழகேசன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தான். உள்ளே ஜம்புலிங்கம் இன்னும் எழுந்திருக்கவில்லை. தராசைக் கூடையில் போட்டுச் சைக்கிளை வந்த வழியே திருப்பினான்.

அன்று மத்தியானம் தண்ணீர் இறங்கியபோது கத்தி பிடிவரை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது வெந்த கிழங்குபோல் மரம் பிட்டுக்கொண்டு வந்தது. தமிழர்களும் வங்காளிகளுமாக ஊரே திரண்டு, இரண்டு நாளும் சாக்கில் களிமண்ணை அடைத்து மதகுக்குப் பின்னால் அடுக்கினார்கள். அமாவாசையன்று கடல் ஏறியதும் கதவின் மேல்பாதி பெயர்ந்துகொண்டது. சாக்குகள் தாங்கின. இருந்தாலும் இடுக்கு வழியே புகுந்த உப்புத் தண்ணீர் தாழ்ந்த வயல்களில் நின்றது. அதில் அழகேசனுடையதும் ஒன்று. நாலு நாளில் அவன் நாற்று செம்பழுப்பாகக் கருகியது.

இன்ஜினியர் வந்தார். ஜம்புலிங்கம் சொன்னபடியே நண்டு மேல் போட்டான். கரை ஓரமாக நடந்து, ஒவ்வொரு நண்டு ஓட்டையாக விரல் நீட்டிக் காட்டினான். அவன் காட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்த அழகேசன், உடைந்த கதவுத் துண்டை அவன் காலடியில் போட்டான். துண்டிலிருந்து விரல் நீளப் புழு ஒன்று நெளிந்து வெளியே வந்தது. புதுக் கதவை ஜம்புலிங்கமே படாக்கில் செய்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இனி வேலை கிடையாது என்று உத்தரவு ஆனது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கை கழுவினான். "யாரோ சொல்லிக் குடுத்திருக்கான். சண்முகமாத்தான் இருக்கும். குடிச்சா அவன் வாய் நிக்காது."

"சண்முகம் இல்ல. நான்தான் சொன்னேன்."

ஈரக் கை அந்தரத்தில் நின்றது. "நீயா? எதுக்கு?"

"எனக்குத் தூக்கம் வரல."

"தூக்கம் வரலேன்னா மாத்திரையைப் போடணும். புருஷன் பொழப்புல மண்ணையா அள்ளிப் போடுவாங்க?"

திட்டினான். ஊர் பேரைச் சொல்லித் திட்டினான், அவள் அப்பா பேரைச் சொல்லித் திட்டினான், சோற்றில் உப்பில்லை என்று இடையில் ஒரு முறை திட்டினான். இனி அவளோடு பேசப்போவதில்லை என்று அறிவித்தான். இன்றைக்காவது இவன் விழித்துக் கிடப்பான், இரண்டு பேரும் இருட்டில் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தால் அதுவும் ஒருவகைக் குடித்தனம்தான் என்று அவளுக்குள் ஒரு நப்பாசைகூட இருந்தது. நாற்காலியை இழுத்துக் கட்டிலுக்கு எதிரே போட்டு, விளக்கை அணைக்காமல் உட்கார்ந்தாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். முதுகில் ஒரு தடவை சொறிந்தான். சொறிந்த கை அங்கேயே தளர்ந்து விழுந்தது. தூங்கிவிட்டான்.

நீலாவதிக்குச் சிரிப்புதான் வந்தது. வெறுக்கக்கூட உள்ளே ஆள் இருக்க வேண்டுமே. தன் தலையணையை எடுத்துக்கொண்டு சமையலறையை ஒட்டிய சின்ன அறைக்குப் போனாள். அவள் இடம் மாறியதை அவன் நாலாம் நாள்தான் கண்டுபிடித்தான். கொசுவலையைச் செருக ஆளில்லாமல் கால் முழுக்கத் தடித்துப்போயிருந்தது.

ஐப்பசியில் புதுக் கதவு மாட்டியானது. சிப்பிகாட்டில் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி விழா வைத்தார்கள். ஜம்புலிங்கத்துக்கு யார் மாலை வாங்கிக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அவனே கொண்டுவந்திருக்கலாம். மாலையைப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"இந்த மதகுக்காக நான் ஒரு மாசமா ராத்திரி பகல் கண்ணு மூடல" என்றான்.

கைதட்டினார்கள். ஹெட்மாஸ்டர் சொக்கலிங்கம் எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நீலாவதி அந்தக் கைகளை வரிசையாகப் பார்த்தாள். கத்தி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர்களின் கைகளும் அதில் இருந்தன.

கூட்டம் கலைந்தபோது அழகேசன் மனைவி கண்ணம்மா அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். நீலாவதி பக்கத்தில் போய் நின்றாள்.

"இனிமே பயமில்லாமத் தூங்கலாம்" என்றாள்.

"யாரு தூங்குறா" என்றாள் கண்ணம்மா, நிமிராமல். "முறை வெச்சிருக்கோம். அமாவாசைக்கும் பூரணைக்கும் ரெண்டு வீட்டு ஆளுங்க கரையில இருக்கணும்."

"எனக்கு எப்படியும் தூக்கம் வராது. எனக்கும் ஒரு முறை குடுங்க. பஸ்ஸில வந்துடறேன்."

கண்ணம்மா அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்தக் கதவு சங்கதி உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்ஜி?"

"சித்திரைக் கடைசியில."

"நாங்க ஆனியில நாத்து விட்டோம்." கையிலிருந்த ஈரத்தை உதறினாள். "வேணாம். உங்க வீட்டு ஆளுங்களை நம்பி நாங்க கண்ணு மூட மாட்டோம்."

சொல்லிவிட்டு அண்டாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். பந்தலில் ஜம்புலிங்கம் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்துகொண்டிருந்தான். நீலாவதி அவனுக்குச் சொல்லாமலே ரோட்டுக்கு வந்து பஸ் ஏறினாள்.

ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழியில் காராச்சர்மா தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. இறங்கவேண்டிய டாலிகஞ்சும் தெரியவில்லை. கண்டக்டர் சீட்டின் கம்பியை டிக்கெட் பெட்டியால் தட்டி, "உடியே மேம்ஸாப், லாஸ்ட் ஸ்டாப்" என்று எழுப்பியபோது பஸ் அபர்தீன் பஜாரில் காலியாக நின்றது. ஜன்னல் கம்பி பதிந்து கன்னத்தில் கோடு விழுந்திருந்தது. எச்சில் வழிந்து புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. துடைத்துக்கொண்டு இறங்கி, திரும்புகிற பஸ்ஸுக்குக் காத்து நின்றாள்.

அன்றைக்கும் ஒரு மணிக்கு விழிப்பு வந்தது. வழக்கம்போல் வந்து நிற்கிற புருஷன் நினைப்பு வரவில்லை. கண்ணம்மா சொன்னதுதான் வந்தது. அதில் ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை என்று படுத்தபடியே ஒப்புக்கொண்டாள்.